தலையில் பூசும் ஆண்ட்ரோஜன் தடுப்பு மருந்து: கோலாலம்பூரில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

முடி கொட்டுகிறது, மாத்திரை விழுங்கத் தயக்கமாக இருக்கிறது, தலையில் பூசும் மருந்தாகவே பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்திருக்கிறீர்களா? இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். நல்ல முடிவாகவும் அது இருக்கலாம். ஆனால் அந்த முடிவுக்குப் பிறகுதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. ஒரு கிளினிக் ஒரு புட்டியைக் கொடுக்கும், இன்னொரு கிளினிக் வேறொன்றைக் கொடுக்கும். சென்னை போய்வந்த உறவினர் மூன்றாவது ஒன்றைப் பையில் கொண்டுவருவார். எல்லாவற்றிலும் ஏதோ ஒரு சதவீதம் எழுதியிருக்கும், ஆனால் ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட வழி இருக்காது. கிளினிக்குகளுக்கும் மருந்தகங்களுக்கும் அலைந்து இதை ஒழுங்குபடுத்திக்கொள்ள எனக்கு வெகு காலம் பிடித்தது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

தொடங்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தலையில் பூசுவதால் மருந்து தலையோடு நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். ஒரு பகுதி இரத்தத்துக்குப் போகும். எவ்வளவு போகிறது என்பதுதான் இந்த மருந்துகளை ஒப்பிடும் முதல் அளவுகோல்.

1. எந்த வகை உதிர்வு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

ஆண்ட்ரோஜன் என்பது ஆண் ஹார்மோன்களின் பொதுப்பெயர். அதைத் தடுக்கும் மருந்து ஒரே ஒரு வகை உதிர்வுக்குத்தான் பயன்படும். நெற்றி ஓரங்களும் உச்சியும் மெல்ல மெல்ல வெறுமையாகும் பரம்பரை வகை அது. டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உருவாகும் டி.எச்.டி. என்ற ஹார்மோன், முடியின் வேர்ப்பையைச் சிறுகச் சிறுகச் சுருக்குவதால் வருகிறது.

டெங்கி வந்து தேறிய இரண்டு மூன்று மாதங்களில் கொத்துக் கொத்தாகக் கொட்டுவது வேறு. நம் ஊரில் இது நிறைய நடக்கிறது. பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். வட்ட வட்டமாகக் கொட்டுவதும், படர்தாமரையால் கொட்டுவதும், தைராய்டு கோளாறாலோ இரும்புச்சத்துக் குறைவாலோ கொட்டுவதும் தனித்தனிச் சிக்கல்கள். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் தைராய்டும் பார்க்கும் இரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தோல் மருத்துவர் சிறு உருப்பெருக்கிக் கருவியால் தலைத்தோலைப் பார்த்தால், முடிகளின் தடிமன் வேறுபாட்டைக் கொண்டே பரம்பரை வகையா இல்லையா என்று பெரும்பாலும் சொல்லிவிடுவார். இந்தப் பரிசோதனைகூட இல்லாமல் புட்டியை நீட்டும் இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

2. எந்த வாசலில் நுழைவது

அரசு வழி மலிவானது, மெதுவானது. மலேசியக் குடிமக்களுக்கு அரசு சுகாதாரக் கிளினிக்கில் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்) கட்டணம். அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்று கோலாலம்பூர் மருத்துவமனையின் தோல் பிரிவுக்கோ, தீவில் இருப்பவர்கள் பினாங்கு மருத்துவமனைக்கோ போகலாம். நிபுணர் கிளினிக்கில் அடுத்தடுத்த சந்திப்புகளுக்கு 5 வெள்ளி. தனியார் மருத்துவரின் கடிதத்தோடு போனால் முதல் முறை 30 வெள்ளி. பரம்பரை வழுக்கையை அழகு சார்ந்ததாகக் கருதுவதால், தேதி கிடைக்க நாளாகும், மருந்தை வெளியில் வாங்கிக்கொள்ளவும் சொல்லலாம். என்ன வகை உதிர்வு என்று உறுதிசெய்ய மட்டும் இந்த வழியைப் பயன்படுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

தனியார் மருத்துவமனையின் தோல் நிபுணர் இரண்டாவது வழி. அரசின் கட்டண அட்டவணையில் நிபுணரின் முதல் ஆலோசனைக்கு மேல்வரம்பு 235 வெள்ளி. மருந்தும் பரிசோதனையும் தனிக்கணக்கு. அவர் பெயர் தேசிய நிபுணர் பதிவேட்டில் தோல் பிரிவில் இருக்கிறதா என்று கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம்.

மூன்றாவது, அழகியல் கிளினிக்குகள். இங்கே பெரும்பாலும் இருப்பவர்கள் பொது மருத்துவர்கள். அழகியல் சிகிச்சை செய்ய அவர்களுக்கு சுகாதார அமைச்சு எல்.சி.பி. என்ற சான்றளிப்புக் கடிதம் தருகிறது. கேட்டுப் பாருங்கள். வைத்திருப்பவர் தயங்காமல் காட்டுவார்.

மருத்துவரே இல்லாத முடி நிலையங்களும் பேரங்காடிகளில் இருக்கின்றன. இலவசப் பரிசோதனை என்று உட்கார வைத்து, திரையில் உங்கள் தலைத்தோலைப் பெரிதாக்கிக் காட்டி, பல ஆயிரம் வெள்ளிக்குத் தொகுப்பு விற்பார்கள். அப்படி ஒரு நிலையத்தில் எனக்கு நீட்டிய புட்டியின் லேபிளில் ஒரு எண்ணும் ஒரு பூவின் படமும் மட்டுமே இருந்தன. மருந்தின் பெயர் இல்லை, அளவு இல்லை, காலாவதி தேதி இல்லை. உள்ளே என்ன என்று கேட்டதற்கு, "எங்கள் சொந்தத் தயாரிப்பு, ரகசியம்" என்றார் அங்கிருந்த விற்பனைப் பெண். தலைத்தோல் வழியாக இரத்தத்துக்குப் போகக்கூடிய ஒன்றை ரகசியமாக விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நீங்களும் ஏற்காதீர்கள். ஏற்கெனவே பணம் கட்டி மாட்டிக்கொண்டிருந்தால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைப் பதிவு செய்யலாம். வழக்கறிஞர் தேவையில்லை. ரசீதும் ஒப்பந்தத் தாளும் கையில் இருக்க வேண்டும்.

3. போகும்போது கையில் என்னென்ன

மைகார்டு அடையாள அட்டை. இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியல், நாட்டு மருந்தும் சத்து மாத்திரையும் சேர்த்து. முன்பு பூசிய புட்டிகள் இருந்தால் அவையே. கடந்த ஓராண்டு இரத்தப் பரிசோதனை முடிவுகள். ஒரே வெளிச்சத்தில் எடுத்த நெற்றி, உச்சி, பக்கவாட்டுப் படங்கள். இவற்றோடு மூன்று தகவல்களை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்களா, முன்பு மனச்சோர்வு இருந்திருக்கிறதா, ஐம்பதைத் தாண்டியவரானால் புரோஸ்டேட் சுரப்பிக்கான பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை செய்திருக்கிறீர்களா. டி.எச்.டி. உருவாவதைத் தடுக்கும் ஃபினாஸ்டரைடு மாத்திரை பி.எஸ்.ஏ. அளவைப் பாதியாகக் குறைத்துக் காட்டும். அதை அறியாத மருத்துவர் புரோஸ்டேட் நன்றாக இருப்பதாக நினைத்துவிடக்கூடும்.

4. எந்த மருந்து எந்த வேலையைச் செய்கிறது

இவற்றில் இரண்டு குடும்பங்கள். டி.எச்.டி. உருவாவதைத் தடுப்பவை ஒன்று. உருவான டி.எச்.டி. வேர்ப்பையில் ஒட்டாதபடி, அது ஒட்டும் இடமான ஏற்பியை மறிப்பவை இன்னொன்று.

முதல் குடும்பத்தில் ஃபினாஸ்டரைடுதான் தலைப்பிள்ளை. மாத்திரையாக 1 மில்லிகிராம், 1997 முதல் முடி உதிர்வுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பூசும் வடிவத்தில் 0.25 சதவீத ஸ்ப்ரே ஐரோப்பாவில் சில நாடுகளில் அனுமதி பெற்றிருக்கிறது. பூசும் மருந்துகளுள் ஆதாரம் வலுவாக உள்ளது இதற்குத்தான். 24 வாரம் நடந்த மூன்றாம் கட்ட ஆய்வில் முடி எண்ணிக்கையில் மாத்திரைக்கு நிகராக வேலை செய்தது. இரத்தத்தில் டி.எச்.டி. மாத்திரையால் 55.6 சதவீதமும் ஸ்ப்ரேயால் 34.5 சதவீதமும் குறைந்தது. குறைந்ததே தவிர, குறையாமல் இருக்கவில்லை. இதை நினைவில் வையுங்கள்.

டூட்டாஸ்டரைடு அதே குடும்பத்தில் இன்னும் வலிமையானது. மாத்திரையாகத் தென்கொரியாவிலும் ஜப்பானிலும் முடிக்கு அனுமதி உண்டு. பூசும் வடிவத்துக்கு ஆய்வு குறைவு. உடலிலிருந்து பாதி வெளியேறவே ஏறத்தாழ ஐந்து வாரம் ஆகும் என்பதால், பிடிக்கவில்லை என்று இன்று நிறுத்தினாலும் அதன் தாக்கம் மாதக்கணக்கில் தொடரும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு இது முதல் தேர்வல்ல என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாம் குடும்பத்தில் கிளாஸ்கோட்டரோன் நம்பிக்கை தருவது. தோலிலேயே விரைவில் சிதைந்துவிடுவதால் உடல் முழுவதும் பரவும் வாய்ப்புக் குறைவு. ஆனால் அமெரிக்காவில் 2020இல் அனுமதி பெற்றது 1 சதவீத கிரீம், அதுவும் முகப்பருவுக்கு. முடிக்காகச் சோதிக்கப்பட்டது 5 சதவீதக் கரைசல். பருவுக்கான கிரீமை உச்சந்தலையில் தேய்ப்பது பணத்தை வீணாக்கும் வேலை.

பைரிலுட்டமைடு சீனத் தயாரிப்பு. ஆண்களிடம் நடந்த மூன்றாம் கட்ட ஆய்வில், மருந்தில்லாத கரைசலை விடத் தெளிவாக மேம்பட்டது என்று அதனால் நிரூபிக்க முடியவில்லை என 2023 இறுதியில் அறிவிக்கப்பட்டது. ஃபுளுரிடில் செக் நாட்டில் அழகுசாதனப் பொருளாக விற்கப்படுவது. ஈரம் பட்டால் சிதைந்துவிடும். அதனால் உடலுக்குள் போகும் பயம் குறைவு, ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்த்த தலையில் பூசினால் பலனும் குறைவு. பூசும் ஸ்பைரனோலாக்டோனுக்குச் சிறு ஆய்வுகளே உண்டு, வாடையும் அடிக்கும்.

ஆர்.யு. 58841 என்ற பெயரில் ஆய்வுக்கூட இரசாயனமாகப் பொடி வரும், வீட்டில் கலந்து பூசச் சொல்வார்கள். எந்த நாட்டிலும் மருந்தாக அனுமதி பெறாதது. தொடவே தொடாதீர்கள்.

கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு பொடுகுக்கானது, லேசான ஆண்ட்ரோஜன் எதிர்ப்பும் உண்டு. துணைக்கு வைத்துக்கொள்ளலாம். மினாக்சிடில் ஆண்ட்ரோஜன் தடுப்பு மருந்தே அல்ல, வேறு வழியில் வளர்ச்சியைத் தூண்டுவது. பல புட்டிகளில் ஃபினாஸ்டரைடோடு அதையும் கலந்திருப்பதால்தான் இங்கே குறிப்பிடுகிறேன்.

5. சதவீதத்தை மில்லிகிராமாக மாற்றுங்கள்

எல்லாரும் தடுமாறும் இடம் இது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு மருந்தகத்தில் மருந்தாளுநர் அக்கா ஒருவர் என் ரசீதைத் திருப்பிப் போட்டு, பேனாவால் இந்தக் கணக்கை எழுதிக் காட்டினார். அதற்குப் பிறகுதான் எனக்கு எல்லாம் பிடிபட்டது.

1 சதவீதக் கரைசல் என்றால் ஒரு மில்லிலிட்டரில் 10 மில்லிகிராம் மருந்து. 0.25 சதவீதம் என்றால் 2.5 மில்லிகிராம். 0.1 சதவீதம் என்றால் 1 மில்லிகிராம். அதை ஒரு நாளில் பூசும் மில்லிலிட்டரால் பெருக்குங்கள். அவ்வளவுதான்.

இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். ஐரோப்பாவின் 0.25 சதவீத ஸ்ப்ரேயில் ஓர் அழுத்துக்கு 50 மைக்ரோலிட்டர் வரும். நாளொன்றுக்கு அதிகபட்சம் நான்கு அழுத்து. மொத்தம் 0.2 மில்லிலிட்டர், ஏறத்தாழ அரை மில்லிகிராம். அதே 0.25 சதவீதத்தில் கலந்து கொடுக்கும் புட்டியில் "ஒரு மில்லி பூசவும்" என்று எழுதியிருந்தால் 2.5 மில்லிகிராம். ஐந்து மடங்கு! இந்தியாவில் கிடைக்கும் மினாக்சிடில் 5 சதவீதம், ஃபினாஸ்டரைடு 0.1 சதவீதம் கலந்த கரைசலைக் காலை ஒரு மில்லி, இரவு ஒரு மில்லி பூசினால் நாளுக்கு 2 மில்லிகிராம். ஸ்ப்ரேயை விடச் சதவீதம் குறைவாகத் தெரியும் இந்தப் புட்டி, அதைவிட அதிக மருந்தைத் தலையில் கொட்டுகிறது.

கூடுதலாகப் பூசினால் கூடுதல் பலன் வருமா? 2016இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. 0.25 சதவீதக் கரைசலை 100 அல்லது 200 மைக்ரோலிட்டர் பூசியவர்களுக்குத் தலைத்தோலில் டி.எச்.டி. ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது, இரத்தத்தில் கால்பங்குதான் குறைந்தது. 300, 400 மைக்ரோலிட்டர் என்று கூட்டியபோது தலைத்தோலில் பெரிய மாற்றமில்லை. இரத்தத்திலோ கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்துவிட்டது. அதாவது கூட்டியது தலைக்குப் போகவில்லை, உடம்புக்குப் போனது.

கரைசலின் அடித்தளமும், அதாவது மருந்தைக் கரைத்திருக்கும் திரவமும், முக்கியம். அந்த ஸ்ப்ரேயில் மருந்தைத் தோலின் மேலடுக்கிலேயே பிடித்து வைக்கும் ஒரு படலப் பொருள் இருக்கிறது. கிளினிக்கில் ஆல்கஹாலிலும் புரோபிலீன் கிளைக்காலிலும் கலந்து தரும் கரைசலுக்கு அந்த ஆய்வின் எண்கள் அப்படியே பொருந்தாது. "இதுவும் அதே மருந்துதான்" என்று யாராவது சொன்னால், அடித்தளம் என்ன என்று கேளுங்கள்.

இன்னொன்று, மினாக்சிடிலும் ஃபினாஸ்டரைடும் தனித்தனிப் புட்டியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். ஒரே புட்டியில் இருந்தால், ஒன்றின் அளவை மாற்றும்போது இன்னொன்றும் மாறும். அரிப்பு வந்தால் எதனால் வந்தது என்றும் தெரியாது.

6. பதிவு எண்ணும் லேபிளும்

மலேசியாவில் பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் "மால்" (MAL) என்று தொடங்கி எட்டு இலக்கமும், அதன் பின் ஓர் எழுத்தோ அதற்கு மேலோ உள்ள எண் இருக்கும். பாதுகாப்பு ஒட்டுச்சீட்டும் இருக்கும். தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவான என்.பி.ஆர்.ஏ.வின் இணையத் தேடலில் அந்த எண்ணைப் போட்டு, பொருளின் பெயரும் தயாரிப்பாளரும் பொருந்துகிறதா என்று பாருங்கள். "நாட்" (NOT) என்று தொடங்கும் எண் அழகுசாதன அறிவிப்பு எண். அது மருந்துப் பதிவு ஆகாது. அந்த எண்ணோடு வரும் மூலிகைத் தைலம் டி.எச்.டி.யைத் தடுக்கும் என்று விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம்.

ஃபினாஸ்டரைடு மருத்துவர் சீட்டு இருந்தால்தான் கொடுக்க வேண்டிய கட்டுப்பாட்டு மருந்து. கைப்பேசிச் செயலி வழியாகச் சீட்டில்லாமல் ஒருவர் விற்கிறார் என்றால் அவர் சட்டத்துக்கு வெளியே விற்கிறார்.

கிளினிக்கே கலந்து தரும் புட்டியில் மால் எண் இருக்காது, ஏனென்றால் அது உங்களுக்காகத் தனியாகத் தயாரிப்பது. ஆனால் லேபிளில் உங்கள் பெயர், மருந்துகளின் பெயர், ஒவ்வொன்றின் அளவு, கொடுத்த தேதி, பூசும் முறை, கிளினிக்கின் முகவரி எல்லாம் இருக்க வேண்டும். கலந்த தேதியையும் காலாவதி தேதியையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கலந்து தரும் பூசும் ஃபினாஸ்டரைடு குறித்து 2019க்கும் 2024க்கும் இடையில் தனக்கு வந்த 32 பக்கவிளைவுப் புகார்களைச் சுட்டி, 2025 ஏப்ரலில் அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரிக்கை வெளியிட்டது. பூசும் மருந்து என்பதால் ஆபத்தே இல்லை என்று தங்களிடம் சொல்லப்பட்டதாகப் புகார் செய்தவர்கள் சிலர் கூறியிருந்தார்கள்.

சென்னையிலிருந்து வாங்கி வருகிறவர்களுக்கு: சொந்த உபயோகத்துக்கு ஒரு மாத அளவு மட்டும், மருத்துவர் சீட்டோடு, கையோடு கொண்டுவாருங்கள். தபாலில் வரவழைத்தால் சுங்கத்தில் நின்றுபோகலாம்.

7. செலவைக் கணக்கிடும் முறை

புட்டியின் விலையைப் பார்க்காதீர்கள், மாதச் செலவைப் பாருங்கள். 60 மில்லி புட்டி 180 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு இரண்டு மில்லி என்றால் மாதம் 180 வெள்ளி. நாளுக்கு ஒரு மில்லி என்றால் மாதம் 90. இதோடு மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆலோசனைக் கட்டணம், ஷாம்பு, இரத்தப் பரிசோதனை. குறைந்தது ஓராண்டுக்குத் தாங்குமா என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பாதியில் விட்டால், கிடைத்த பலனும் ஓராண்டுக்குள் போய்விடும்.

2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்பது சட்டம். விலைப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மருந்துச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே மருந்தகத்தில் வாங்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. கேட்கக் கூச்சப்படாதீர்கள். ரசீதில் ஆலோசனை, மருந்து, செயல்முறை ஆகியவற்றைப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். நிறுவனக் காப்புறுதி முடி உதிர்வை வழக்கமாக ஏற்பதில்லை.

8. பூசும்போது

உலர்ந்த, எண்ணெய் இல்லாத தலைத்தோலில் பூச வேண்டும். தேங்காய் எண்ணெய் வைக்கும் பழக்கம் இருந்தால் வாரம் ஒரு நாள் என்று ஒதுக்கி, அலசிக் காய்ந்த பிறகு மருந்துக்கு வாருங்கள். முடியில் பூசாமல் வகிடு எடுத்துத் தோலில் பூசுங்கள். பிறகு கையைச் சோப்பால் கழுவுங்கள். நான்கு மணி நேரமாவது தலை நனையக்கூடாது. மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் பூசிய உடனே தலைக்கவசம் மாட்டினால் வியர்வையில் வழிந்துவிடும். அதனால் இரவு, படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு பூசுவது நல்லது.

வீட்டில் கர்ப்பிணியோ கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்ணோ இருந்தால் மிகுந்த கவனம் தேவை. ஃபினாஸ்டரைடும் டூட்டாஸ்டரைடும் வயிற்றிலுள்ள ஆண் குழந்தையின் பிறப்புறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியவை. புட்டியை அவர் தொடக்கூடாது, ஈரமான தலையையும் தொடக்கூடாது. தலையணை உறையைத் தனியாக வையுங்கள். பூனை வளர்ப்பவர்கள் மினாக்சிடில் கலந்ததை அதன் அருகில் விடாதீர்கள், பூனைக்கு அது நஞ்சு.

தைப்பூசத்துக்குப் பத்துமலையிலோ தண்ணீர்மலையிலோ மொட்டை போடுகிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. மொட்டை போடலாம், வேர்ப்பைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் சவரக்கத்தி பட்ட தோலில் கீறல் இருக்கும், மருந்து கூடுதலாக உள்ளே போகும். கீறல் ஆறும்வரை சில நாள் நிறுத்திவிட்டு, மொட்டைத் தலையில் தாராளமாகத் தடவாமல் பழைய அளவையே தொடருங்கள். வெயிலில் தோல் உரிந்திருந்தாலும் இதே விதி.

9. எதைக் கவனிப்பது, எப்போது நிறுத்துவது

முதல் சில வாரங்களில், குறிப்பாக மினாக்சிடில் கலந்திருந்தால், உதிர்வு கூடும். பயப்பட வேண்டாம். சிவப்பு, எரிச்சல், செதில் தொடர்ந்தால் அடித்தளத்தை மாற்றச் சொல்லுங்கள்.

பாலுறவு நாட்டம் குறைதல், விறைப்புக் குறைதல், மார்பில் வலி அல்லது வீக்கம், காரணமில்லாத மனச்சோர்வு ஆகியவை வேறு வகை. மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ஃபினாஸ்டரைடு மாத்திரையின் பக்கவிளைவுகளில் தற்கொலை எண்ணமும் ஒன்று என்று ஐரோப்பிய மருந்து முகமையின் பாதுகாப்புக் குழு 2025 மே மாதம் உறுதி செய்தது. மாத்திரையைப் பற்றிய முடிவுதான் அது. என்றாலும் மருந்து இரத்தத்துக்குப் போகிறது என்று தெரிந்த பிறகு, பூசுகிறவரும் தன் மனநிலையைக் கவனிக்க வேண்டும். வீட்டில் ஒருவரிடமாவது இந்த மருந்து எடுப்பதைச் சொல்லி வையுங்கள். நமக்குத் தெரியாத மாற்றம் மனைவிக்கோ அம்மாவுக்கோ முதலில் தெரியும்.

பக்கவிளைவு வந்தால் கன்செர்ஃப் என்ற பயனீட்டாளர் படிவத்தில் என்.பி.ஆர்.ஏ.வுக்கு நீங்களே நேரடியாகத் தெரிவிக்கலாம். இரத்த தானம் செய்கிறவர்கள் முகப்பிலேயே மருந்தின் பெயரைச் சொல்லிவிடுங்கள். ஏற்பது குறித்து அங்கே முடிவெடுப்பார்கள்.

10. கால அட்டவணை

மூன்றாம் மாதத்தில் உதிர்வு குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். அடர்த்தியை அப்போதே எதிர்பார்க்க வேண்டாம். ஆறாம் மாதத்தில் முதல் நாள் படத்தோடு அதே இடத்தில், அதே வெளிச்சத்தில், உலர்ந்த முடியோடு எடுத்த படத்தை ஒப்பிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். பன்னிரண்டாம் மாதத்தில்தான் இந்த மருந்து உங்களுக்குப் பொருந்துகிறதா என்று முடிவெடுக்க முடியும். அதற்குள் புட்டிக்குப் புட்டி மாறிக்கொண்டிருந்தால் எதுவும் தெரியாது. பழைய நிலையிலேயே நின்றிருந்தால் அதுவும் வெற்றிதான், ஏனென்றால் மருந்தில்லாமல் அது நின்றிருக்காது. சுருங்கி மறைந்துபோன வேர்ப்பையை இவற்றில் எதுவும் திருப்பிக் கொண்டுவராது. பளபளப்பாகிவிட்ட பகுதிக்கு மருந்து வாங்கிச் செலவழிக்காதீர்கள், முடி மாற்று அறுவையைப் பற்றித் தோல் நிபுணரிடமே கேளுங்கள். அறுவைக்குப் பிறகும் மிச்சமிருக்கும் முடியைக் காக்க இந்த மருந்து தேவைப்படலாம் என்பதால், பழைய லேபிள்களையும் சீட்டுகளையும் எறிந்துவிடாமல் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.